கடுக்காய் மையும் இரத்தசோகையும்

பால் சேர்க்காத தேநீரில் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டு மூடி வையுங்கள். மறுநாள் காலையில் தேநீரின் செம்மை மறைந்து டம்ளர் முழுக்கக் கருத்திருக்கும். அது மை. அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துத்தான் எழுதும் மையைக் காய்ச்சினார்கள். கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணம் டானின். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். இரண்டும் கூடினால் எளிதில் பிரிவதில்லை. தாளில் எழுத்து அத்தனை காலம் நின்றதற்கு அதுவே காரணம். தேநீரிலும் அதே குடும்பத்துத் துவர்ப்புப் பொருள்கள் இருக்கின்றன. சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பவர்களின் குடலிலும், சோற்றோடு போன இரும்பு அவற்றிடம் இப்படித்தான் சிக்கிக்கொள்கிறது.

என் அக்காவுக்கு இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.9 என்று குறைவாக வந்தபோது வீடே சமையலறைக்குள் இறங்கியது. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், தினமும் ஒரு டம்ளர் பீட்ரூட் சாறு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் 9.2. "என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்ட மாட்டேன் என்கிறதே" என்று அம்மா வருந்தினார். அவர் சொன்னது மருத்துவ ரீதியாகவே சரி. இரும்பு தட்டில் இருந்தது, உடம்பில்தான் ஒட்டவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவியதும் அக்காவுக்குச் சூடாகத் தேநீர் வேண்டும். அதை நாங்கள் யாரும் கணக்கில் வைக்கவே இல்லை.

ஒரு மனித உடம்பில் இருக்கும் மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம்தான், ஓர் ஆணியளவு. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் இருந்துகொண்டு மூச்சுக்காற்றைச் சுமக்கிறது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்ந்து முடிந்ததும் மண்ணீரலில் அது உடைக்கப்பட்டு, அதன் இரும்பு எலும்பு மஜ்ஜைக்குத் திரும்புகிறது. இப்படித் தினமும் 20 மில்லிகிராமுக்கு மேல் சுழல்கிறது. வெளியிலிருந்து புதிதாகத் தேவைப்படுவது 1 அல்லது 2 மில்லிகிராம் மட்டுமே. அந்தச் சிறு அளவு கூட உள்ளே போகாமல், மாதவிலக்கிலும் பிரசவத்திலும் இரத்தம் போய்க்கொண்டே இருந்தால் கையிருப்பு கரைந்துவிடும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை. படித்துவிட்டுக் கடந்துபோக முடியாத எண் அது.

உணவிலுள்ள இரும்பு முக்கியமாக முன்சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. ஈரல், கறி, மீன் இவற்றிலுள்ள இரும்பில் ஒரு பகுதி ஹீம் என்ற உறைக்குள் பத்திரமாக வருவதால் சுலபமாக நுழைந்துவிடும். கீரையும் பருப்பும் தரும் இரும்புக்கு அந்த வசதி கிடையாது. அதன் பெரும்பகுதி கரையாத வடிவில் இருக்கிறது. தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருளும், தேநீர், காப்பியின் துவர்ப்பும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. வைட்டமின் சி இங்கேதான் உதவுகிறது. இரும்பைக் கரையும் வடிவுக்கு மாற்றி, அதை வேறு எதுவும் பற்றிக்கொள்ளாமல் குடல் சுவர்வரை கூட்டிப்போகிறது. கீரைக் கூட்டில் எலுமிச்சை பிழிவதும், பருப்புச் சோற்றோடு நெல்லிக்காய்ப் பச்சடி வைப்பதும் இதனால்தான் பலன் தருகின்றன. பயற்றை முளைகட்டினாலும் மாவைப் புளிக்கவைத்தாலும் ஃபைட்டேட் குறையும்.

சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தம் ஊறவைக்கும் என்ற நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். நூறு கிராம் பீட்ரூட்டில் இரும்பு ஒரு மில்லிகிராம் கூட இல்லை. மாதுளையில் அதைவிடக் குறைவு. இரண்டும் நல்ல உணவுகள், ஆனால் அவற்றின் நிறத்துக்கும் இரத்தத்தின் நிறத்துக்கும் எந்த உறவும் இல்லை.

ஆயுர்வேதமும் சித்தமும் சோகையைப் பாண்டு என்கின்றன. அதற்கு அவை தரும் முக்கிய மருந்துகளைப் பாருங்கள்: லோகாசவம், புனர்நவா மண்டூரம், அன்னபேதிச் செந்தூரம். மூன்றிலும் இரும்பு இருக்கிறது. செந்தூரத்துக்கு அன்னபேதியை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் புடமிடுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையிலும் பெரும்பாலும் அதே இரும்பு சல்பேட்தான். இயற்கை மருத்துவமா ஆங்கில மருத்துவமா என்று வீடுகளில் நடக்கும் சண்டைக்கு இந்த நோயைப் பொறுத்தவரை அர்த்தமே இல்லை.

அன்னபேதிச் செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் ஆகிய நான்கு சித்த மருந்துகளையும் 45 நாள் கொடுத்ததில், சிகிச்சையை முடித்த 2,300 வளரிளம் பெண்களின் ஹீமோகுளோபின் உயர்ந்ததாக ஆயுஷ் அமைச்சகம் அறிவித்தது. இரும்போடு நெல்லியைச் சேர்த்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கடுக்காயின் டானின் அதில் என்ன செய்கிறது என்பதைத்தான் ஆராய்ந்து பார்க்க வேண்டும். நான்கில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல, வெறும் இரும்பு மாத்திரை மட்டும் எடுத்த குழுவோடு ஒப்பிட்டாக வேண்டும்.

கரிசாலாங்கண்ணியைப் பருப்போடு கடைந்து சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இறங்கிப்போன ஹீமோகுளோபினை அது தூக்கி நிறுத்தும் என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பதை, அதுவும் ஒரு கர்ப்பிணி காத்திருப்பதை, என்னால் ஏற்க முடியாது. முறையாகத் தயாரிக்காத செந்தூரங்களும் ஆபத்து. அவற்றில் ஈயம் கலந்திருந்தால், ஹீமோகுளோபின் உருவாவதையே அது தடுத்துச் சோகையை உண்டாக்கும்.

மாத்திரைக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒருமுறை நிறைய இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து குடலின் வாசலைச் சாத்திவிடுகிறது. அது திறக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். இரும்பு குறைந்த இளம்பெண்களிடம் சுவிட்சர்லாந்தில் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் எடுத்தவர்களைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தவர்களுக்கு ஒவ்வொரு வேளை மாத்திரையிலிருந்தும் கூடுதல் இரும்பு சேர்ந்தது. வயிற்றைப் புரட்டுகிறது என்று மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள், இந்த முறை தங்களுக்கு ஒத்துவருமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

எல்லாச் சோகையும் இரும்பால் தீருவதில்லை. கம்போடியாவில் சோகையைப் போக்க, குழம்புச் சட்டியில் போட மீன் வடிவ இரும்புத் துண்டுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்னர் நடந்த விரிவான ஆய்வில் பலன் தெரியவில்லை. அங்கே பலரின் சோகைக்கு வேர் இரும்புக் குறைவாகவே இல்லை, பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் மாற்றங்கள் பரவலாக இருந்தன. வைட்டமின் பி12 குறைந்தவருக்குக் கீரை உதவாது. கொக்கிப்புழு இரத்தம் குடிக்கும் வயிற்றுக்கு முதலில் பூச்சி மருந்து, பிறகு காலுக்குச் செருப்பு. ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் சோகை வந்தால், உள்ளே எங்காவது இரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

அக்காவுக்கு இரும்புக் குறைவுதான் என்று பரிசோதனையில் உறுதியானது. மருத்துவர் ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை எழுதினார், காலையில் வெறும் வயிற்றில். தேநீரை விடச் சொல்லவில்லை, நான்கு மணிக்குத் தள்ளிவைக்கச் சொன்னார். அம்மா பரணிலிருந்து இரும்பு வாணலியை இறக்கிப் புளிக்குழம்பு வைத்தார். புளி இரும்பைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு வரும். குழம்பு கருத்துவிடும் என்பதற்காகவே அவர் அதை எடுத்து வைத்திருந்தார். மூன்றாம் மாதம் 11.6 வந்தது. மருத்துவர் அக்காவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே இளஞ்சிவப்பு ஏறியிருந்தது. கையிருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றார்.