ஃப்ளெக்ஸ் பேனரில் வராத கணக்கு

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து மாட்டுத்தாவணி வரை ஒருமுறை போய் வந்தாலே போதும், மதுரையைச் சுற்றி எத்தனை கல்லூரி இருக்கிறது என்பதை ஃப்ளெக்ஸ் பேனர்களே சொல்லிவிடும். ஒவ்வொன்றிலும் கோட்டு போட்ட ஒரு மாணவர், பக்கத்தில் லட்சக் கணக்கில் சம்பளம், கீழே ‘90% பிளேஸ்மென்ட்’. அந்த மாணவருக்கு அந்த வேலை உண்மையிலேயே கிடைத்திருக்கலாம். அவரோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் என்ன ஆனார்கள் என்பது பேனரில் வராது. அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது, செலவும் கிடையாது.

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த விவரங்களைத் தங்கள் இணையதளத்திலும் போட வேண்டும். பெரும்பாலும் பக்கத்தின் அடியில் ‘என்.ஐ.ஆர்.எஃப்.’ என்று சின்ன எழுத்தில் ஒரு இணைப்பு இருக்கும். அந்த பி.டி.எஃப்-ஐத் திறந்து நான்கு வருடப் படிப்புக்கான அட்டவணைக்குப் போங்கள். சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் படிப்பை முடித்தவர்கள், வேலை கிடைத்தவர்கள், அவர்களின் மீடியன் சம்பளம், மேல்படிப்புக்குப் போனவர்கள் என்று வரிசையாக எண்கள் இருக்கும்.

ஒரு கற்பனைக் கல்லூரியை வைத்துப் பார்ப்போம். சேர்ந்தவர்கள் 480. நான்கு வருடத்தில் முடித்தவர்கள் 310. வேலை கிடைத்தவர்கள் 190. இதே கல்லூரி பேனரில் 90 சதவீதம் என்று போட முடியும். எப்படி? அரியர் இல்லாமல், கம்பெனிகள் கேட்ட மதிப்பெண்ணோடு இருந்தவர்கள் 211 பேர் மட்டும்தான் என்று வைத்துக்கொண்டு, அந்த 211-ல் 190 என்று கணக்குப் போட்டால் 90 வந்துவிடும். உங்கள் பிள்ளை நுழையப்போவது 480 பேர் கொண்ட வரிசையில். அங்கிருந்து பார்த்தால் நூற்றுக்கு நாற்பது பேருக்குத்தான் வேலை. உரிய காலத்தில் முடிக்காத 170 பேர் எங்கே தடுக்கினார்கள் என்பதைத்தான் கல்லூரியில் நேரில் கேட்க வேண்டும்.

சம்பளத்தில் ‘அதிகபட்சம்’ என்பதை விட்டுவிடுங்கள். சராசரியையும் இரண்டு பேர் வாங்கிய பெரிய சம்பளம் மேலே தூக்கிவிடும். மீடியன் என்பது எல்லாரையும் சம்பள வாரியாக நிற்க வைத்தால் நட்டநடுவில் நிற்பவர் வாங்குவது. கல்விக் கடனைக் கட்ட முடியுமா என்று பார்க்க அந்த எண்தான் உதவும். ‘500 ஆஃபர்’ என்றால் 500 மாணவர்கள் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஒரே மாணவர் கையில் மூன்று ஆஃபர் இருந்தால் அது மூன்றாகத்தான் எண்ணப்படும்.

இந்த அட்டவணையிலும் ஒரு குறை உண்டு. முழுக் கல்லூரிக்கும் சேர்த்து ஒரே எண்தான் வரும், துறைவாரியாக வராது. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான ‘நாக்’ தரும் மதிப்பீடும் அப்படியே, கல்லூரி முழுமைக்கும். தொழில்நுட்பப் படிப்புகளைச் சோதித்து என்.பி.ஏ. என்ற தேசிய வாரியம் தரும் அங்கீகாரம்தான் துறைவாரியாகத் தரப்படுவது. மெக்கானிக்கலுக்கு இருக்கும், புதிதாகத் தொடங்கிய ஏ.ஐ. படிப்புக்கு இருக்காது. நுழைவாயிலில் ‘என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது’ என்று பொதுவாக எழுதியிருந்தால், எந்தத் துறைக்கு, எந்த வருடம் வரை என்று கேளுங்கள். ஏ.ஐ., டேட்டா சயின்ஸ் என்று பெயர் புதிதாக இருந்தால் அந்தத் துறை ஆசிரியர் பட்டியலையும் பாருங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டியலில் இருக்கும் அதே பெயர்கள் அங்கேயும் இருந்தால் புதிதாக வந்திருப்பது பெயர்ப் பலகை மட்டும்தான்.

நேரில் போவது அவசியம். கோடை விடுமுறையில் போனால் ரிசப்ஷனையும் ஏ.சி. அறையையும்தான் காட்டுவார்கள். ப்ளஸ் டூ படிக்கும்போதே, வகுப்பு நடக்கிற ஒரு நாளில் போங்கள். துறை லேபைப் பார்க்கக் கேளுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் லேபில் சி.ஆர்.ஓ. (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) எத்தனை, அதில் எத்தனை ஓடுகிறது, ஒரு மேசைக்கு எத்தனை பேர் என்று எண்ணினாலே பாதி தெரிந்துவிடும். ஐந்து பேருக்கு ஒரு கருவி என்றால் ஒருவர் கை வைப்பார், நான்கு பேர் அவர் எழுதிய ரீடிங்கைக் காப்பி அடிப்பார்கள். பிறகு கேன்டீனில் மூன்றாம் வருட மாணவர் யாரிடமாவது, ‘தம்பி, போன செமஸ்டர்ல உங்க கிளாஸ்ல எத்தனை பேர் ஆல் பாஸ்?’ என்று மட்டும் கேளுங்கள். ‘காலேஜ் எப்படி?’ என்றால் எல்லாரும் நல்லா இருக்கும் என்றுதான் சொல்வார்கள்.

மதுரையில் கலை, அறிவியல் படிப்புக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், பாத்திமா, தெப்பக்குளம் தியாகராசர் போன்ற பழைய உதவிபெறும் கல்லூரிகளில் ஒரே வளாகத்துக்குள் அரசு உதவியில் நடக்கும் எய்டட் பிரிவும், மாணவர் கட்டணத்தில் நடக்கும் செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவும் உண்டு. கல்லூரிப் பெயர் ஒன்று, கட்டணம் வேறு. விண்ணப்பத்தில் டிக் அடிக்கும் இடத்தில் ‘எய்டடா, செல்ஃபா’ என்று பார்க்காமல் போட்டுவிட்டு, ஃபீஸ் கட்டப் போகும் நாளில் கவுன்டரில் திகைத்து நிற்பவர்கள் ஒவ்வொரு ஜூனிலும் இருக்கிறார்கள். அரசுக் கல்லூரி போதும் என்றால் ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி, மேலூர், திருமங்கலம் எல்லாவற்றுக்கும் ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

இனி பொறியியல் கவுன்சலிங். ரேங்க் போட எடுக்கும் மதிப்பெண்தான் கட்ஆஃப். அது 200-க்கு: கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50. கணிதம் 92, இயற்பியல் 86, வேதியியல் 90 என்றால் 92 + 43 + 45 = 180. இதுவரை யாரும் தவறுவதில்லை. வேண்டிய கல்லூரியையும் துறையையும் வரிசையாகப் பட்டியல் போடும் சாய்ஸ் ஃபில்லிங்கில்தான் தவறுகிறார்கள்.

உங்கள் ரேங்க் முறை வரும்போது கணினி பட்டியலின் முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டே வரும். காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். ஆகவே ‘இது கிடைக்கும்’ என்று நினைப்பதை மேலே போடக் கூடாது. வேண்டியதை மேலே போட வேண்டும். மேலே எட்டாத கல்லூரியைப் போட்டதால் கீழே உள்ளது கை நழுவாது. சாய்ஸ் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கிடையாது. 160 கட்ஆஃபில் பத்து சாய்ஸ் மட்டும் போட்டுவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பது பட்டியல் சின்னதாக இருந்ததால் வருவது, மதிப்பெண்ணால் அல்ல. போன வருடம் உங்கள் சமூகப் பிரிவில் அந்தத் துறை எந்தக் கட்ஆஃபில் மூடியது என்று பார்த்து, உங்களுக்கு மேலேயும் கீழேயும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயரை நம்பாதீர்கள், கல்லூரிக் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் நிறைய. பட்டியலை பிரவுசிங் சென்டர்காரரிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போக வேண்டாம்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதிசெய்யக் கொஞ்ச நாள்தான் தருவார்கள். ‘ஏற்றுக்கொண்டு மேலே நகர்கிறேன்’ என்று கொடுத்தால், பட்டியலில் மேலே உள்ள இடம் காலியாகும்போது தானாக அங்கே மாற்றிவிடுவார்கள். பழைய இடம் அதோடு போய்விடும். மேலே உள்ளது உண்மையில் வேண்டாம் என்றால் இதைத் தொடாதீர்கள்.

சான்றிதழ் விஷயத்தில் பெயரும் இனிஷியலும்தான் அதிகம் சிக்க வைப்பவை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலும் ஆதாரிலும் சாதிச் சான்றிதழிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஏப்ரலிலேயே பாருங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவையில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியாகத் தாலுகா அலுவலகம் போய் வர நாள் பிடிக்கும். வீட்டில் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டதாரி என்றால் கிடைக்காது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்குக் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு இல்லையென்றால் பணம் வராது.

பஸ் நேரத்தையும் செலவாகவே எண்ணுங்கள். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ நகரின் மறுபக்கக் கல்லூரிக்குப் போய் வர மூன்று மணி நேரம் என்றால், 90 வேலை நாள் கொண்ட செமஸ்டரில் 270 மணி நேரம். ஹாஸ்டலா, பக்கத்துக் கல்லூரியா என்று முடிவெடுக்கும்போது ஃபீஸுக்குப் பக்கத்தில் இதையும் எழுதுங்கள்.

சேர்ந்த பிறகு முதல் செமஸ்டர்தான் கஷ்டம். தமிழ் மீடியத்திலிருந்து வருபவர்கள் கணிதத்தில் தோற்பது கணிதம் தெரியாததால் அல்ல. கேள்வி ஆங்கிலத்தில் என்ன கேட்கிறது என்று பிடிபடாததால். பழைய கேள்வித்தாள் ஐந்தை எடுத்து, ஒவ்வொரு கேள்வியிலும் வரும் வினைச்சொல்லை மட்டும் தமிழில் எழுதி வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும். பல கம்பெனிகள் அரியர் நிலுவையில் இருப்பவரைத் தேர்வெழுதவே விடுவதில்லை என்பதால், முதல் வருட அரியரை நான்காம் வருடத்துக்குத் தள்ளக் கூடாது. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனாலும் சிக்கல்தான்.

கல்லூரி நூலகம் மாலையில் மூடிவிட்டது என்பதும் மதுரையில் சாக்காகாது. 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் புது நத்தம் சாலையில் இருக்கிறது. இரண்டாம் வருட விடுமுறையில் ஒரு சின்ன புராஜெக்டைத் தானே தொடங்கி முடித்தவருக்கு இன்டர்வியூவில் பேச ஏதாவது இருக்கும். மூன்று பேர் சேர்ந்து காசு கொடுத்து வாங்கிய புராஜெக்ட் என்றால், ‘இந்த வரி என்ன செய்கிறது?’ என்று ஒரு கேள்வி வந்ததும் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.