உருமறைப்பு: தவளைக்கு எந்தச் சொல் சரி?

வன்னியில் உருமறைப்பு என்றால் யாரும் அகராதி தேடமாட்டார்கள். போர்க்காலத்தில் வாகனத்துக்கு மேலே குழை வெட்டிப் போட்டு மூடியதற்கும் பதுங்குகுழியை மறைத்ததற்கும் சொன்ன சொல் அதுதான். இதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘கமுஃப்ளாஜ்’ என்பதும் போரோடு பரவியதுதான். பாரிஸ் கொச்சை மொழியில் வேடமிட்டு ஏய்ப்பதைக் குறித்த பிரெஞ்சு வினைச்சொல், முதல் உலகப் போரில் பீரங்கிகளை வண்ணம் பூசி மறைக்கப்போய் ஆங்கிலத்துக்குள்ளும் புகுந்துவிட்டது.

தவளைக்கு வரும்போதுதான் குழப்பம். அது நிறம் மாறுவதைச் சிலர் ‘உருமாற்றம்’ என்று எழுதிவிடுகிறார்கள். வாற்பேத்தை வால் சுருங்கிக் கால் முளைத்துத் தவளையாவதுதான் உருமாற்றம். ‘மாறுவேடம்’ என்பதும் சரிவராது, ஏனென்றால் தவளை வேறொன்றாக நடிப்பதில்லை, கண்ணில் படாமல் இருக்கப் பார்க்கிறது, அவ்வளவுதான். உரு அப்படியே இருக்க, பார்க்கிறவன் கண்ணுக்கு அது மறைகிறது. அதனால் உரு + மறைப்பு.

மாரி தொடங்கியதும் இரணைமடுப் பக்கம் வயல் வரம்பில் நடந்தால், மண்கட்டி என்று நினைத்து மிதிக்கப்போன ஒன்று துள்ளி ஓடும். சொறித்தவளை. அதன் மண்ணிறமும் முதுகில் இருக்கும் மருக்களும் சேர்ந்து, உடம்பு எங்கே முடிகிறது மண் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி செய்துவிடும். வெள்ளையடித்த சுவரில் ஒட்டியிருக்கும் மரத்தவளை வெளிறிப்போய் இருக்கும், அதே தவளை மரப்பட்டையில் கருத்துத் தெரியும். தோலில் மேலே மஞ்சள் நிறமிக் கலங்கள், நடுவில் ஒளியைத் தெறிக்கும் கலங்கள், அடியில் கருநிறமிக் கலங்கள். கரிய துகள்கள் கலம் முழுக்கப் பரவினால் தோல் கருக்கும், நடுவில் திரண்டால் வெளிறும். இதை நடத்துவது பெரும்பாலும் மூளைக்கு அடியில் இருக்கும் கபச்சுரப்பி விடும் ஓமோன். ஒளியும் வெப்பமும் ஈரமும்கூட இதில் கைவைக்கும். பச்சைத் தவளைகள் பெரும்பாலானவற்றில் பச்சை நிறமியே கிடையாது, நடுப்படை தெறிக்கும் நீலம் மேலே உள்ள மஞ்சளினூடாக வரும்போது பச்சையாகத் தெரிகிறது. அற்ககோலில் போட்டு வைத்த தவளை நாளடைவில் நீலமாகிவிடுவது மஞ்சள் கரைந்துபோவதால்தான்.

‘நிறமாற்றம்’ என்று மட்டும் எழுதினால் பாதிதான் வரும். நிறத்தை மாற்றாமலே மறைகிற தவளை எத்தனையோ உண்டு. மணலுக்குள் முழுகிக் கிடக்கிற நுணல் அப்படித்தான், தன் வாயால் கெடும் வரைக்கும் அது எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம் இன்னொன்று: நஞ்சில்லாத பிராணி நஞ்சுள்ளதைப் போலத் தோன்றித் தப்புவதையும் சிலர் இதே சொல்லுக்குள் போடுகிறார்கள். அது ஒப்புப்போலி. அங்கே கண்ணில் படுவதுதான் நோக்கம், உருமறைப்பில் படாமல் இருப்பது.