நடுவிலிருந்து ஆறாவது பல்

ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றிலிருந்து ஒரு அம்மா, ஒன்பது வயது மகளைச் சேலத்தில் உள்ள என் கிளினிக்குக்குக் கூட்டிவந்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை. "பால் பல்லுதானுங்க சார், புடுங்கி விட்டுருங்க. வேற மொளச்சுக்கும்" என்றார்.

அது பால் பல் இல்லை. ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலேயே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும் நிரந்தரப் பல். இந்தக் குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது.

பல்லின் உறுதி என்றாலே எனக்கு ஜைகாண்டோபித்தேகஸ்தான் நினைவுக்கு வரும். தென் சீனாவில் வாழ்ந்து அழிந்த ராட்சத வாலில்லாக் குரங்கு. 1935-இல் ஹாங்காங் மருந்துக்கடையில் 'டிராகன் பல்' என்று விற்ற பற்களுக்கு நடுவே அதன் கடைவாய்ப் பல்லைக் கண்டுபிடித்தவர் புதைபடிவ ஆய்வாளர் கோனிக்ஸ்வால்ட். இதுவரை கிடைத்தவை நான்கு கீழ்த்தாடைகளும் சுமார் 2000 பற்களும்தான். மண்டையோடு இல்லை, கைகால் எலும்பு ஒன்றுகூட இல்லை. எலும்புகளை முள்ளம்பன்றிகள் கொறித்துத் தீர்த்திருக்கலாம் என்கிறார்கள். நம் சேர்வராயன் மலையில் திரிகிற முள்ளம்பன்றியின் சொந்தங்கள்தான் அவை. பல்லின் கடினமான மேலுறையான எனாமல்தான் பெரும்பாலும் தப்பியது. 2019-இல், சுமார் 19 லட்சம் ஆண்டுப் பழைய பல்லின் எனாமலிலிருந்து புரதம் எடுத்து, அது ஒராங்குட்டானின் உறவு என்று உறுதிசெய்தார்கள்.

அவ்வளவு காலம் தாங்கும் எனாமல், குழந்தையின் வாயில் மூன்றே வருஷத்தில் ஓட்டையாகிறது. சர்க்கரையைத் தின்னும் கிருமிகள் அமிலம் விடுகின்றன; அதில் எனாமல் கரைகிறது. கொஞ்சம் நேரம் கொடுத்தால் எச்சில் அதைச் சரிசெய்யும். காலையில் காபி, பள்ளியில் மிட்டாய், படுக்கும்போது பிஸ்கட் என்றிருந்தால் அந்த நேரம் எங்கே கிடைக்கும்? நம்மைவிடத் தடித்த எனாமல் கொண்ட அந்தக் குரங்கின் பற்களிலேயே சொத்தை இருக்கிறது; பழம் நிறையத் தின்றது காரணமாக இருக்கலாம். மாம்பழம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சாப்பாட்டோடு கொடுங்கள், நாள் முழுக்கக் கொறிக்கவிடாதீர்கள். இரவு பல் துலக்கியபின் தண்ணீர் மட்டும்.

டார்ச் அடித்து, முன்பக்க நடுவிலிருந்து எண்ணிப் பாருங்கள். ஐந்து வரை பால் பற்களின் இடம். ஆறாவதாக ஒன்று தெரிந்தால் அது நிரந்தரப் பல். முளைத்த உடனே வந்தால் அதன் பள்ளங்களைச் சீலன்ட் பூசி அடைத்துவிடலாம். வலிக்காது, ஊசியும் இல்லை.

அந்தப் பெண்ணின் பல்லைப் பிடுங்கவில்லை, வேர் சிகிச்சை தொடங்கியிருக்கிறேன். மேலும் கீழுமாக மற்ற மூன்று ஆறாவது பற்களுக்கும் சீலன்ட் பூசியாயிற்று. அவள் தம்பிக்கு அடுத்த மாதம் ஆறு வயதாம். அவனையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.