ராத்திரியில் எழுப்பும் மணிக்கட்டு வலி

மணிக்கட்டு வலிக்கிறது என்று வருபவரிடம், எங்கே வலிக்கிறது என்று கேட்டால் மட்டும் போதாது. எப்போது வலிக்கிறது என்றும் கேட்க வேண்டும். பகலில் எப்படியோ ஓட்டிவிடுகிறேன், நடுராத்திரியில் வலி எழுப்பிவிடுகிறது, ஒரு ஆஸ்பிரின் போட்டால் அடங்கிவிடுகிறது என்று இளவயதுக்காரர் ஒருவர் சொன்னால், எலும்பில் வரும் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்ற சின்னக் கட்டியா என்று சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

பெயர்தான் மிரட்டும். இது புற்றுநோய் இல்லை, வேறெங்கும் பரவாது. 1935-இல் அமெரிக்க நோயியல் மருத்துவர் ஹென்றி ஜாஃபி இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார். பெரும்பாலும் தொடை எலும்பிலும் கால் எலும்பிலும் வரும். மணிக்கட்டில் வருவது அபூர்வம்.

கட்டியின் மையத்துக்கு நைடஸ் என்று பெயர். லத்தீனில் கூடு என்று பொருள். ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது, சில சமயம் மிளகளவுதான் இருக்கும். அதற்குள் இவ்வளவு வலி எப்படி? அந்தக் கூட்டில் உள்ள செல்கள் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளை ஏராளமாகச் சுரக்கின்றன. அது ரத்தக் குழாய்களை விரிக்கிறது, நரம்பு நுனிகளைச் சீண்டுகிறது. ஆஸ்பிரின் அந்தச் சுரப்பையே தடுப்பதால்தான் வலி சட்டென்று அடங்குகிறது.

கால் எலும்பில் வந்தால், கூட்டைச் சுற்றி எலும்பு தடித்து எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். மணிக்கட்டில் அப்படி இல்லை. அங்குள்ள எட்டுக் குட்டி எலும்புகளின் மேல்பரப்பில் பெரும்பகுதி குருத்தெலும்பு என்பதால் அந்தத் தடிப்பு சரியாக உருவாவதில்லை. மாறாக மூட்டைச் சுற்றி வீங்குகிறது. சுளுக்கு, தசைநாண் அழற்சி என்று சொல்லிக் கட்டுப் போடுவார்கள், ஊசி போடுவார்கள். மாதங்கள் ஓடும், சிலருக்கு வருஷங்களே ஓடிவிடும்.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்புகிறோம். இந்த நோயில் அது ஏமாற்றலாம். எலும்பு முழுக்க நீர் கோத்தது போலத் தெரியும். கூடு அதில் மறைந்துபோகும். மெல்லிய துண்டு துண்டாகப் படம் எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் இதற்குச் சரி. கறுப்பாக ஒரு சின்ன வட்டம், அதன் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதைப் பார்த்துவிட்டால் பெரும்பாலும் சந்தேகம் தீர்ந்துவிடும்.

சிலருக்குச் சில வருஷங்களில் இது தானாகவே அடங்குவதுண்டு. ஆனால் அதுவரை தினமும் வலி மாத்திரை சாப்பிட்டால் வயிறும் சிறுநீரகமும் என்னாவது? தொடை எலும்பு என்றால் ஸ்கேன் வழிகாட்ட ஊசியைச் செருகி, ரேடியோ அலையால் சுமார் 90 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, சில நிமிடங்களில் கூட்டைச் சுட்டுவிடலாம். மணிக்கட்டில் நரம்பும் தசைநாணும் சில மில்லிமீட்டர் தூரத்திலேயே இருக்கின்றன. அதனால் பல நேரங்களில் திறந்து, கூட்டைச் சுரண்டி எடுத்து, குழியில் நோயாளியின் எலும்பையே வேறிடத்திலிருந்து எடுத்து நிரப்புகிறார்கள். துளி மிச்சம் இருந்தாலும் வலி திரும்பலாம்.

முழுசாக எடுத்துவிட்டால், தையல் போட்ட இடத்து வலி வேறு, அந்தப் பழைய ராத்திரி வலி வேறு என்று நோயாளிகளே பிரித்துச் சொல்வார்கள். அந்தப் பழைய வலி பலருக்கு அன்றைக்கே போய்விடுகிறது.