நாலு கோடி வண்டி ஒன்றரைக் கோடிக்கு வரும்போது

பழைய சூப்பர் கார் வாங்கும் ஆசை நெல்லைச் சீமைக்கும் வந்துவிட்டது. காற்றாலை, கல்குவாரி, வளைகுடாச் சம்பாத்தியம், மும்பையிலும் சென்னையிலும் கடை வைத்து முன்னுக்கு வந்த குடும்பங்கள் என்று பணப்புழக்கம் இருக்கிறது. ஆசைப்படுவதில் தப்பே இல்லை. நான் பாளையங்கோட்டையில் இருக்கும் மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து நஷ்டத்தை மதிப்பிடுவது என் தொழில். அதனால் வண்டி வாங்குவதற்கு முன்னும் சிலர் கூப்பிடுகிறார்கள். “அண்ணாச்சி, வண்டி ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லுதியளா?” போனால் பெரும்பாலும் ஒரே கேள்விதான். போர்ஷே 911ஆ, லம்போர்கினி ஹுராகானா, ஃபெராரி 488ஆ, மெக்லாரன் 720எஸ்ஸா?

இந்த நான்கில் எது வேகம் என்பதை யூடியூபே சொல்லிவிடும். அங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வண்டியின் விலை வருஷா வருஷம் இறங்கும். அதன் பாகங்களின் விலை இறங்காது. நாலு கோடி வண்டியை ஒன்றரைக் கோடிக்கு வாங்குகிறவர், செலவு செய்யப்போவது நாலு கோடி வண்டிக்குத்தான்.

முதலில் ஓட்டும் சுகத்தைப் பார்த்துவிடலாம். ஹுராகானின் உயிர் அதன் 5.2 லிட்டர் வி10 என்ஜின். காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ கிடையாது. மிதிக்க மிதிக்க 8,000 ஆர்.பி.எம். தாண்டியும் ஏறிக்கொண்டே போகும் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு மற்ற மூன்றும் சற்று அடங்கித்தான் தெரியும். 2014இல் 610 குதிரைத்திறனோடு வந்தது, 2019இல் ஈவோ மாடலில் 640 ஆனது, 2024இல் உற்பத்தி நின்றது. அடுத்து வந்த டெமராரியோவில் டர்போ வி8ம் ஹைபிரிடும். இனி இந்த என்ஜின் புதிதாக வராது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் விலை பேசும்போது தேவைப்படும். ஃபெராரி 488இல் 3.9 லிட்டர் இரட்டை டர்போ வி8, 670 குதிரைத்திறன். டர்போ என்றே தெரியாத அளவுக்குக் காலுக்கு உடனே பதில் சொல்லும்.

720எஸ்தான் எனக்கு ஆச்சரியம். 720 குதிரைத்திறன் இருந்தும் பள்ளம் மேட்டில் அது நான்கிலும் மென்மையாகப் போகிறது. காரணம், வளைவில் வண்டி சாயாமல் தாங்கும் வழக்கமான ஸ்டெபிலைசர் கம்பி அதில் கிடையாது. நான்கு சக்கரத்து டேம்பர்களையும், அதாவது ஷாக் அப்சார்பர்களையும், எண்ணெய்க் குழாய்களால் இணைத்திருக்கிறார்கள். கண்ணாடி வழியாகச் சாலையும் நன்றாகத் தெரியும். ஆனால் அந்த அமைப்பில் அக்யுமுலேட்டர் என்ற வாயு நிரப்பிய உருண்டைகள் உண்டு. வயதானால் அவை பலம் இழக்கும், வண்டி கட்டையாகக் குதிக்கும், மாற்றித்தான் ஆகவேண்டும். பழைய மெக்லாரன் வாங்குகிறவர் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.

911இன் என்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. வளைவில் இருந்து வெளியே வரும்போது பின்சக்கரம் தரையைப் பிடித்துத் தள்ளும் பிடிமானம் வேறு வண்டியில் கிடைக்காது. முன்பக்கம் எடை குறைவு என்பதால் ஆடி மாதம் பணகுடி தாண்டி, காவல்கிணறு, ஆரல்வாய்மொழி பக்கம் குறுக்குக் காற்று அடிக்கும்போது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். மற்றபடி தினமும் எடுக்கக்கூடியது இது ஒன்றுதான். பின்னால் சிறிதாக இரண்டு சீட் இருப்பதால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றலாம். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோவிலுக்குப் போகிற ஊர் நம்முடையது. தேரிக்காட்டு மணல் பாதையில் நான்கில் எதுவும் போகாது, வேறு வண்டிதான். ஆனால் கோவிலுக்குப் பாதை பிரியும் விலக்கு வரையாவது போகவேண்டும் அல்லவா?

அந்த வழியில்தான் வேகத்தடைகள் இருக்கின்றன. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கவேண்டும். அப்படிப் படிப்படியாக ஏறி இறங்கினால் தாழ்வான வண்டியும் தாண்டிவிடும். நம் ஊர்களில் போட்டிருப்பவற்றில் பலவும் செங்குத்தான திண்டு. முன்பக்கத்தை நாலைந்து செ.மீ. தூக்கும் லிஃப்ட் வசதி எல்லாவற்றிலும் கட்டாயமாக வருவதில்லை, பலவற்றில் கூடுதல் காசுக்கான ஆப்ஷன். அது இல்லாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் நெல்லைக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

வண்டி பார்க்கப் போனால் பெயிண்ட் பளபளப்பை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் தரையில் ஒரு துணியை விரித்துப் படுத்து, டார்ச் அடித்து முன் பம்பரின் அடி உதட்டைப் பார்ப்பேன். மேலே கண்ணாடிபோல இருக்கும் வண்டியில் அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் நார் நாராய்த் தேய்ந்திருக்கும், திருகு ஒன்றிரண்டு வேறு வண்டியுடையதாக இருக்கும். அங்கே ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழியில் கல் பட்ட அடையாளமும் தெரியும். அடுத்து டயர். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேல் வெட்டுகள், நன்றாக இருக்கிறது என்று விற்பவர் காட்டுவார். ஓடாமல் நின்ற வண்டியில் பட்டன் இருக்கும், ரப்பர் செத்திருக்கும். ஹுராகானுக்குப் பின்டயர் 305/30 ஆர்20. நெல்லை ஜங்ஷன் பக்கத்து டயர் கடையில் கிடைக்கிற சரக்கு இல்லை, சொல்லி வரவழைக்க வேண்டும்.

அப்புறம் பிரேக். ஹுராகானின் 610 குதிரைத்திறன் மாடல் (எல்பி 610-4), 488, 720எஸ் மூன்றிலும் கார்பன் செராமிக் டிஸ்க். 911 கரேராவில் சாதாரண இரும்பு டிஸ்க்தான், செராமிக் வேண்டுமானால் ஆப்ஷன். செராமிக் டிஸ்க்கின் தேய்மானத்தை விரலால் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. குறைந்தபட்ச எடை டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். கழற்றி நிறுத்துப் பார்க்க வேண்டும், அல்லது அதற்கான கருவி வைத்துப் பார்க்க வேண்டும். நான்கும் மாற்றவேண்டி வந்தால் பல லட்சம். நம் சாலையில் செராமிக் பிரேக்கின் முழு பலன் ஒருநாளும் தேவைப்படாது. அதனால் இரும்பு டிஸ்க் வைத்த 911ஐக் குறைவாக நினைக்க வேண்டாம்.

விலை ஏன் இப்படி விழுகிறது? முழு வண்டியாக இறக்குமதியாகும் விலை உயர்ந்த காருக்குச் சுங்கம் நீண்ட காலமாக 110 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. அதற்கு மேல் ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். ஷோரூம் விலை நாலு கோடி என்றால் ஆயுள் வரி மட்டும் 80 லட்சம். இரண்டாவது கைக்கு மாறும்போது இந்த வரிகளையெல்லாம் யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

நான்கில் மெக்லாரன்தான் வேகமாக விழும். உலகம் முழுக்க அப்படித்தான். இந்தியாவுக்கு அந்தக் கம்பெனி முறையாக வந்ததே 2022இல், அதுவும் மும்பையில். தென்கோடியில் இருந்து அதை வாங்கி, திரும்ப விற்க ஆள் தேடுவது பெரும்பாடு. 911 மெதுவாக இறங்கும், ஜிடி3 போன்ற மாடல்கள் நன்றாகவே நிற்கும். ஹுராகானுக்கு அந்த நின்றுபோன வி10 ஒரு முட்டுக்கொடுக்கிறது. அதே குடும்பத்து என்ஜின்தான் ஆடி ஆர்8க்கும். பெயருக்காகப் பணம் கொடுக்க மனமில்லாதவர் ஆர்8ஐப் பார்க்கலாம், அதுவும் 2024இல் நின்றுவிட்டது. 488இன் விலை, சர்வீஸ் புத்தகத்தில் ஒரு வருஷம் விட்டுப்போயிருந்தாலும் சறுக்கும்.

சர்வீஸுக்கு எங்கே போவது? போர்ஷேக்குக் கொச்சியிலும் சென்னையிலும் மையம் உண்டு. லம்போர்கினி என்றால் பெங்களூரு. நடுவழியில் நின்றால் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. தட்டையான பிளாட்பெட் லாரி வேண்டும். அது வந்துபோகும் செலவும் உங்களுடையதுதான்.

இனி என் தொழில். பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். வண்டி முழுதாகப் போனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி தரும் உச்சத்தொகை அது. இந்திய மோட்டார் டாரிஃப் 2002இல் வகுத்த கணக்கைத்தான் பெரும்பாலான பாலிசிகள் இன்றும் பின்பற்றுகின்றன. ஷோரூம் விலையிலிருந்து ஓராண்டு முடிந்தால் 20 சதவீதம், இரண்டு முடிந்தால் 30, மூன்று முடிந்தால் 40, நான்கு முடிந்தால் 50 கழியும். ஐந்து ஆண்டைத் தாண்டினால் நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகை. நீங்கள் கட்டிய ஆயுள் வரி இதில் சேராது. புது வண்டி களவு போனாலும் அந்த 80 லட்சம் உங்கள் தலையில்தான், வாங்கிய பில் தொகையையே தரும் ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ என்ற கூடுதல் காப்பீட்டைச் சேர்த்திருந்தாலொழிய.

ரிப்பேரில் மாற்றும் பாகங்களின் விலையிலும் இப்படித் தேய்மானக் கழிவு உண்டு, அதைக் கம்பெனி தராது. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்குப் பாதி. ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதம். இரும்பு, அலுமினியப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து, 5 முதல் 10 ஆண்டு என்றால் 40 சதவீதம். கண்ணாடிக்கு மட்டும் கழிவில்லை. ஆக, ஏழு வயது ஹுராகான் முன்பக்கம் இடித்து 20 லட்சத்துக்கு எஸ்டிமேட் வந்தால் பாகச் செலவில் பாதிக்குப் பக்கம் சொந்தக்காரர் கட்ட வேண்டும். இந்தக் கழிவைப் பிடிக்காத ‘ஜீரோ டெப்ரிசியேஷன்’ என்ற கூடுதல் காப்பீடு இருந்தால் தப்பிக்கலாம்தான். ஆனால் அது பெரும்பாலும் 5 வயது வரைக்குமே கிடைக்கும். பழைய வண்டி வாங்குகிறவருக்குத்தான் அது மிகத் தேவை, அவருக்குத்தான் கிடைக்காது.

இதைவிடப் பெரியது ஒன்று. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ், அதாவது வண்டி முழுதாகப் போனதாகக் கணக்கு. நாலு கோடி ஐ.டி.வி. உள்ள புது வண்டிக்கு 1.2 கோடி ரிப்பேர் வந்தால் சரிசெய்து தருவார்கள். அதே வண்டி ஐ.டி.வி. ஒன்றரைக் கோடிக்கு இறங்கியபின் அதே அடி பட்டால், 75 சதவீதம் என்பது 1.125 கோடி. தாண்டிவிட்டது. வண்டி போயிற்று. வேகமாக விலை விழும் மெக்லாரனில் இந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். அதன் உடற்கூடே கார்பன் ஃபைபர் தொட்டி, அதில் விரிசல் என்றால் தகடு தட்டிச் சரிசெய்கிற வேலை இல்லை. இந்த நிலையில் பிரீமியம் குறையட்டும் என்று ஐ.டி.வி.யை ஒரு கோடியாகப் போடச் சொல்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறுகிறது. சில ஆயிரமோ லட்சமோ மிச்சம் பிடிக்க 50 லட்சத்தைப் பணயம் வைக்கிறார்கள். நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கான மூன்றாம் நபர் பிரீமியம் 1500 சி.சி.க்கு மேல் எல்லாக் காருக்கும் ஒன்றுதான், 2022 அறிவிப்பின்படி 7,897 ரூபாய். சுமை முழுக்க நம் வண்டியின் சேதத்துக்கான சொந்தச் சேதப் பகுதியில்தான், அங்கே கை வைக்காதீர்கள்.

2023 டிசம்பர் 17, 18 மழையை நாம் யாரும் மறக்கவில்லை. தாமிரபரணி வெள்ளம் நெல்லை ஜங்ஷனுக்கும் மீனாட்சிபுரத்துக்கும் சிந்துபூந்துறைக்கும் வந்தது. தண்ணீர் வடிந்ததும் ஒரு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்கப் போனேன். கதவின் உள் அட்டையில் சேற்றுக்கோடு ஒரு நேர்கோடாக இருந்தது, சீட்டின் அடி நுரையை அமுக்கினால் கலங்கல் தண்ணீர் வந்தது. அதுவரை பாலிசி பார்த்துக்கொள்ளும். ஏர் ஃபில்டரைத் திறந்தால் அதுவும் நனைந்திருந்தது, வீட்டில் யாரோ ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே தண்ணீர் புகுந்த நிலையில் என்ஜின் சுழன்றால் கனெக்டிங் ராட் வளையும். அது வெள்ளச் சேதம் அல்ல, ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று கம்பெனி பிரித்துவிடும். ‘என்ஜின் புரொடெக்ட்’ சேர்த்திருந்தால் மட்டுமே பணம். தாழ்வான இந்த வண்டிகளுக்கு அதைச் சேர்க்காமல் பாலிசி எடுக்கவே கூடாது. எலி கடித்த ஒயருக்கும் தனியாகக் கேளுங்கள். வயக்காட்டுப் பக்கம் வீடு இருந்து, வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் நின்றால் எலி வராமல் இருக்காது.

கடைசியாக, பேப்பர். நம் பக்கம் வரும் சூப்பர் கார்களில் பலவும் வெளிமாநிலப் பதிவு. மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவுப்படி 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.) இங்கே வரியும் வேண்டும். அந்த வரியைச் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன், அதாவது கடன் கொடுத்தவரின் உரிமைப் பதிவு, நீங்கிவிட்டதா, பாலிசியில் பழைய கிளைம் என்னென்ன இருக்கின்றன என்பதைப் பார்த்துவிடுங்கள். எந்த வயதுவரை எந்தக் கூடுதல் காப்பீடு தருவார்கள் என்பதை உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் மெயிலில் எழுத்தாக வாங்குங்கள். பதில் வரும்வரை விற்பவர் காத்திருக்கமாட்டேன் என்றால், அவர் வேறு ஆளுக்குக் கொடுக்கட்டும்.