கூப்பர் எழுதியதா, பேப்பர் படித்தவர் எழுதியதா?

1971 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட், லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ், சியாட்டில் டைம்ஸ் என்று அமெரிக்காவின் நான்கு பெரிய பத்திரிகைகளுக்கு ஒரே மொட்டைக் கடிதம் போனது. தட்டச்சு செய்த கடிதம். பிடிபட மாட்டேன் என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும், நான் ஒன்றும் ராபின் ஹூட் இல்லை, இன்னும் 14 மாதம்தான் உயிரோடிருப்பேன், வாழ்க்கை முழுக்க வெறுப்பும் பசியுமாகவே போய்விட்டது, கொஞ்சம் மன நிம்மதிக்கு இதுதான் சீக்கிரமான வழியாகத் தெரிந்தது என்கிற மாதிரி போகிறது. கைரேகை எதையும் விட்டு வரவில்லை, டோப்பா வைத்திருந்தேன், முகத்தில் மேக்கப் பூசியிருந்தேன், நீங்கள் வரைந்த படத்தை நூறு தடவை திருத்தினாலும் என் முகம் வராது என்றும் சொல்கிறது. கீழே டி.பி. கூப்பர் என்று பெயர், விமானத்தைக் கடத்திப் பணத்தோடு பாராசூட்டில் குதித்து மறைந்த ஆளுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் அது.

எஃப்.பி.ஐ. கோப்பிலிருந்த இந்தக் கடிதம் ஒரு வழக்குக்குப் பிறகு 2017-இல் வெளியே வந்தது. அதிலிருந்தே இது அசலா போலியா என்ற சண்டை ஓயவில்லை. படித்தால் மனசு கொஞ்சம் இளகத்தான் செய்கிறது, எனக்கும் இளகியது. ஆனால் ஒரு கடிதம் நம் மனதைத் தொடுகிறதா என்பதை வைத்து அதை எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. அதற்கு வேறு சோதனை இருக்கிறது, அந்தச் சோதனை எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கடத்தல் வழக்கு பலருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1971 நவம்பர் 24, போர்ட்லாந்திலிருந்து சியாட்டில் போகும் நார்த்வெஸ்ட் ஓரியண்ட் நிறுவனத்தின் போயிங் 727. டான் கூப்பர் என்ற பெயரில் டிக்கெட் வாங்கி ஏறிய ஆள், வெடிகுண்டு வைத்திருப்பதாக விமானப் பணிப்பெண்ணிடம் சீட்டு கொடுத்து, 2 லட்சம் டாலரும் 4 பாராசூட்டும் கேட்டார். சியாட்டிலில் பணம் வந்ததும் பயணிகளை இறக்கிவிட்டு, மெக்சிகோ பக்கம் போகச் சொல்லி விமானத்தை மறுபடி கிளப்ப வைத்து, இரவு 8 மணி சுமாருக்கு வாலுக்கு அடியில் இருக்கும் படிக்கட்டை இறக்கி, மழை இருட்டில் குதித்துவிட்டார். அவர் யார் என்று இன்றுவரை தெரியாது. 2016-இல் எஃப்.பி.ஐ. தீவிர விசாரணையை நிறுத்திக்கொண்டது.

இப்போது கடிதத்துக்கு வருவோம். யாரோ ஒருவர் நான்தான் செய்தேன் என்று எழுதினால், அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். உண்மையான ஆள் இந்த வரியை எழுத எவ்வளவு வாய்ப்பு? சம்பந்தமே இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற ஒருவர் இதே வரியை எழுத எவ்வளவு வாய்ப்பு? இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால், அந்த வரி எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அதன் சாட்சி எடை பூஜ்யம். முதலாவது பெரிதாகவும் இரண்டாவது மிகச் சிறியதாகவும் இருக்கிற வரிக்குத்தான் மதிப்பு. இந்த விகிதம்தான் நிகழ்தகவுக் கணக்கில் பேய்ஸ் தேற்றத்தின் உயிர்நாடி.

இந்தக் கணக்குக்கு ஒரு தொடக்கப்புள்ளியும் வேண்டும். கடத்தல் நடந்து 5 வருஷத்துக்குள் எஃப்.பி.ஐ. 800 பேருக்கு மேல் சந்தேகப் பட்டியலில் வைத்துப் பார்த்திருந்தது. 1932-இல் பிரபல அமெரிக்க விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்தப்பட்ட வழக்கில், நான்தான் செய்தேன் என்று வந்தவர்கள் மட்டும் 200 பேருக்கு மேல். பரபரப்பான வழக்கு என்றால் செய்யாத குற்றத்தை ஏற்றுக்கொள்ள ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். புகழ் ஆசை, தனிமை, மனநோய், வேறு ஏதோ குற்ற உணர்வு என்று காரணம் பல. ஆகவே ஒரு மொட்டைக் கடிதம் அசலாக இருக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அசல் ஆள் எழுத இரண்டு மடங்கு வாய்ப்புள்ள ஒரு வரி அதை ஆயிரத்தில் இரண்டாகத்தான் உயர்த்தும், அவ்வளவுதான். ஐநூறில் ஒன்றை வைத்துக்கொண்டு யாரையும் நம்ப முடியாது.

சரி, வரிகளைப் பார்க்கலாம். முதலில் கடிதத்தின் அடியில் போட்ட பெயர். விமானத்தில் ஏறியவர் சொன்ன பெயர் டான் கூப்பர். போர்ட்லாந்தில் டி.பி. கூப்பர் என்று வேறொருவரைப் போலீஸ் விசாரிக்கப் போக, அவசரத்தில் செய்தி கொடுத்தவர்கள் அந்தப் பெயரையே கடத்தல்காரர் பெயராக்கிவிட்டார்கள். டி.பி. என்பது பத்திரிகையில் பிறந்த பிழை. உண்மையான ஆளும் பேப்பர் படித்திருப்பார், உலகம் வைத்த பெயரையே போடலாம் என்று நினைத்திருப்பார் என்றால் அதுவும் நடக்கக்கூடியதுதான். ஆனால் டான் கூப்பர் என்று போட்டிருந்தால் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

அடுத்து டோப்பாவும் மேக்கப்பும். டீனா மக்லோ என்ற பணிப்பெண் அந்த ஆளின் பக்கத்து இருக்கையில் நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தார், அவருக்குத் தீக்குச்சி கிழித்து சிகரெட் பற்ற வைத்துக்கூடக் கொடுத்தார். சிகரெட் பற்ற வைக்கும் தூரம் என்பது ஒரு முழம்கூட இருக்காது, நெருப்பு வெளிச்சம் நேராக முகத்தில் விழும். அந்தத் தூரத்தில் பூச்சு தெரியாமல் இருக்குமா? பணிப்பெண்கள் போலீஸிடம் சொன்ன அடையாளங்களில் டோப்பாவும் இல்லை, பூச்சும் இல்லை. அந்த இரண்டையும் வேஷம் என்றதும் யாருக்கும் முதலில் தோன்றும்.

கைரேகை வரிதான் கடிதத்தை நம்புகிறவர்களின் பிரம்மாஸ்திரம். உருப்படியான கைரேகை கிடைக்கவில்லை என்று எஃப்.பி.ஐ. வெளியே சொல்லவில்லையே, இவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கைரேகை விட்டேன், விடவில்லை என்று இரண்டே பதில் உள்ள கேள்வி இது, மாட்ட மாட்டேன் என்று பெருமை பேசுகிறவர் இரண்டில் எதைச் சொல்வார்? தவிர, யாருடையது என்று தெரியாத 66 ரேகைகள் விமானத்தில் எடுக்கப்பட்டிருக்கின்றன. அதில் ஒன்று அந்த ஆளுடையது என்றாலும் கடிதத்தின் வரி பொய்யாகிவிடும்.

டிசம்பர் கடிதத்துக்கு முன்னாலேயே, கடத்தல் நடந்த ஒரு வாரத்துக்குள், வேறு கடிதங்களும் வந்தன. ஒன்று கனடாவின் வான்கூவரில் ஒரு பத்திரிகைக்கு வந்தது, மூன்றாம் பக்கத்தில் போட்ட படம் தப்பு, கிரே கப் ஆட்டத்தை ரசித்தேன், ஊரை விட்டுக் கிளம்புகிறேன், உபசரிப்புக்கு நன்றி என்று. கிரே கப் என்பது கனடாவின் கனடியன் ஃபுட்பால் (நம்ம ஊர் கால்பந்து இல்லை) இறுதிப் போட்டி, அந்த வருஷம் நவம்பர் 28-இல் வான்கூவரிலேயே நடந்தது. எழுதியவர் அந்த நேரம் வான்கூவரில் இருந்திருக்கலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது, அந்த ஊரில் லட்சக்கணக்கானவர்கள் இருந்தார்கள் என்பதும் தெரிகிறது.

இந்தக் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்தபோது எனக்கு உறைத்த விஷயம் இதுதான்: எல்லாமே செய்தித்தாளுக்குப் பதில் சொல்கின்றன. படம் தப்பு, நான் ராபின் ஹூட் இல்லை, நான் ஏதோ காட்டுக் கிராமத்தில் பதுங்கியிருக்கவில்லை. இவை பேப்பர்களில் வந்த பேச்சுக்கான மறுமொழிகள். விமானத்துக்குள் நடந்ததைப் பற்றி ஒரு வரி கிடையாது. அங்கே சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. சீட்டில் எழுதிய வார்த்தைகள், அதை அவர் திருப்பி வாங்கிக்கொண்டது. தோள்பையில் கேட்ட பணம் துணிப் பையில் வந்து சேர்ந்த எரிச்சல், ஒரு பாராசூட்டின் கயிற்றை அறுத்து அந்தப் பையைக் கட்டியது. கழற்றிப் போட்டுவிட்டுப் போன கறுப்பு டை. இதில் ஏதாவது ஒன்றை, பேப்பரில் வருவதற்கு முன்னால் எழுதியிருந்தால், விகிதம் ஒரே அடியாக ஏறியிருக்கும்.

இதனால்தான் துப்பறிகிறவர்கள் ஒவ்வொரு வழக்கிலும் ஒன்றிரண்டு விவரங்களை வெளியே விடாமல் கையில் வைத்துக்கொள்கிறார்கள். வருகிற வாக்குமூலங்களை உரசிப் பார்க்க அதுதான் உரைகல். குற்றவாளிகளுக்கும் இந்த வித்தை தெரியும். லிண்ட்பெர்க் வழக்கில் பணம் கேட்டு வந்த கடிதங்களில் ஒன்றோடொன்று பின்னிய இரண்டு வட்டமும் மூன்று துளையும் அடையாளமாக இருந்தன. தபாலில் வெடிகுண்டு அனுப்பி யூனாபாம்பர் என்று பெயர் பெற்ற ஆசாமி 1993-இல் நியூயார்க் டைம்ஸுக்கு ஒரு ஒன்பது இலக்க எண்ணைக் கொடுத்து, இனி இந்த எண் இருந்தால்தான் என் கடிதம் என்று சொல்லிவிட்டார். தன்னை நம்ப வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிற ஆள் செய்யும் காரியம் அது.

கூப்பரிடம் அதைவிட நல்ல சாட்சி இருந்தது. 10,000 இருபது டாலர் நோட்டுகள், ஒவ்வொன்றின் வரிசை எண்ணும் முன்கூட்டியே படமெடுக்கப்பட்டவை. ஒரு நோட்டை உறையில் போட்டு அனுப்பியிருந்தால் விவாதத்துக்கே இடமில்லை. நோட்டுகூட வேண்டாம், ஒரே ஒரு எண்ணை எழுதியிருந்தாலும் அந்த டிசம்பரில் அது பெரிய விஷயம். 1972 தொடக்கத்தில் அந்த எண்கள் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டதும் அந்த உரைகல் தேய்ந்துவிட்டது. அதே எண்களைப் போட்டுப் போலி நோட்டு அடித்து, இவர்தான் கூப்பர் என்று ஒருவரைக் காட்டி, இரண்டு பேர் ஒரு பத்திரிகையாளரிடம் 30,000 டாலர் கறந்துவிட்டார்கள். ரகசியமாக இருந்தவரை சாட்சியாக இருந்த எண், அச்சில் வந்த மறுநாளே மோசடிக்குக் கருவியானது.

உரைகல் என்று நினைத்தது உரைகல்லாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். யார்க்‌ஷயரில் பெண்களைத் தொடர்ந்து கொன்றுவந்தவனைத் தேடிக்கொண்டிருந்த ஜார்ஜ் ஓல்ட்ஃபீல்ட் என்ற அதிகாரிக்கு 1978-79-இல் மொட்டைக் கடிதங்களும், பிறகு ஒரு ஒலிநாடாவும் வந்தன. கடிதத்தில் 1975-இல் பிரஸ்டன் நகரில் நடந்த ஒரு கொலையைப் பற்றி வெளியே வராத விவரம் இருப்பதாகப் போலீஸ் நம்பியது. உறையில் இருந்த எச்சிலின் ரத்த வகையும் அந்த பிரஸ்டன் வழக்கோடு பொருந்தியது, நூற்றில் ஆறு பேருக்கு இருக்கும் வகை. இதை வைத்து, குரலில் இருந்த சண்டர்லாண்ட் வட்டாரப் பேச்சு இல்லாதவர்களையெல்லாம் சந்தேகத்திலிருந்து கழிக்க ஆரம்பித்தார்கள். உண்மையான கொலைகாரன் பீட்டர் சட்கிளிஃப் யார்க்‌ஷயர்க்காரன். அவனை விசாரித்துவிட்டு விட்டார்கள். ஒலிநாடா வந்த பிறகு இன்னும் மூன்று பெண்கள் செத்தார்கள். ரகசியம் என்று நம்பிய அந்த விவரம் செய்தித்தாளில் ஏற்கெனவே வந்திருந்தது, பிரஸ்டன் கொலையைச் செய்தவன் சட்கிளிஃபும் இல்லை, கடிதம் எழுதியவனும் இல்லை. அந்த இடத்தை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் ஒலிநாடாவின் பேச்சை ஆராய்ந்த மொழியியல் அறிஞர்களே இது போலியாக இருக்கலாம் என்று எச்சரித்திருந்தார்கள்.

அந்தப் போலிக் கடிதங்களை எழுதியவன் கடைசியில் மாட்டியது 2005-இல், உறையை ஒட்ட நக்கிய எச்சிலில் கிடைத்த டி.என்.ஏ. மூலம். அப்படியானால் கூப்பர் கடிதங்களிலும் உறையைச் சோதிக்கலாமே என்று தோன்றும். தபால்தலையும் உறைப் பசையும் எச்சிலைப் பல பத்தாண்டு காத்து வைத்திருக்கும், உண்மைதான். ஆனால் டி.என்.ஏ. ஒப்பீடு என்பது இரண்டு முனையும் உள்ள கயிறு. ஒரு முனை கடிதம், இன்னொரு முனை விமானம். விமானத்தில் கிடைத்த 8 சிகரெட் துண்டுகள் எச்சில் ஒட்டிய தங்கமான சாட்சி, அவை எஃப்.பி.ஐ. கையிலிருந்தே காணாமல் போய்விட்டன. டையில் அரைகுறையாக டி.என்.ஏ. கிடைத்திருக்கிறது, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுடையது, அதில் எது கூப்பருடையது என்று உறுதியில்லை. உறையில் எவ்வளவு சுத்தமான டி.என்.ஏ. கிடைத்தாலும் கடிதம் எழுதியவர் யார் என்றுதான் அது சொல்லும், அவர்தான் குதித்தவரா என்று சொல்லாது.

அப்புறம் எண் விளையாட்டு. டிசம்பர் கடிதத்தின் அடியில் ஒரு நீளமான எண் இருக்கிறது, வேறு கடிதங்களில் விநோதமான சொற்றொடர்கள் இருக்கின்றன. எழுத்துகளுக்கு எண் கொடுத்துக் கூட்டி, இது ஒரு முன்னாள் ராணுவ வீரரின் பெயரையே மறைமுகமாகச் சொல்கிறது என்று ஒரு குழு அறிவித்தது. அவரோ நான் இல்லை என்று சொல்லிவிட்டார். ஏ-க்கு 1, இசட்-டுக்கு 26 என்று வைத்து, ஆங்கிலத்தில் 25 எழுத்துள்ள ஒரு வாக்கியத்தைக் கூட்டிப் பாருங்கள், பெரும்பாலும் 200-க்கும் 400-க்கும் இடையில் ஏதோ ஒரு எண் வரும். கிட்டத்தட்ட 200 விடைகள்தான் உண்டு, எழுதக்கூடிய வாக்கியங்களோ கோடிக்கணக்கில். எனவே நீங்கள் விரும்புகிற பெயருக்குப் பொருந்துகிற வாக்கியம் எப்போதும் கிடைக்கும், இரண்டு மூன்று விதமாகப் பெயரை எழுதிப் பார்த்தால் இன்னும் சுலபம். பேய்ஸ் கேள்வியை இங்கேயும் கேளுங்கள்: சம்பந்தமில்லாதவர் எழுதிய கடிதத்திலும் இந்தப் பொருத்தம் வருமா? வரும்.

என் முடிவைக் கேட்டால், டிசம்பர் கடிதம் கூப்பர் எழுதியதில்லை என்றுதான் சொல்வேன், சத்தியம் செய்ய மாட்டேன். அவர் அந்த இரவே இறந்திருக்கவும் கூடும், அப்படியானால் எல்லாக் கடிதமும் ஒரே வீச்சில் போலி. 1980-இல் கொலம்பியா ஆற்று மணல் கரையில் 8 வயதுச் சிறுவன் ஒருவன் 5,800 டாலரைத் தோண்டி எடுத்தான், நைந்துபோன 290 இருபது டாலர் நோட்டுகள், எண்கள் அந்தப் பட்டியலில் இருந்தவை. மீதி 9,710 நோட்டில் ஒன்றுகூட எங்கேயும் தலைகாட்டவில்லை. அந்தப் பட்டியலில் உள்ள ஒரு நோட்டோடு, அதே தட்டச்சில், ஒரு பழைய காகிதம் எங்காவது பரணில் கிடைத்தால் நான் இவ்வளவையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவேன்.