வந்த பணம் எப்படித் திரும்பிப் போகிறது?

காங்கேயம் வட்டாரத்தில் கல் பட்டை தீட்டுவது பழைய தொழில். படியூர்ப் பக்கம் அக்வாமரின் என்ற நீல நிற ரத்தினக் கல் கிடைத்த பூமி. அங்கிருந்து ஒருவர் அறுபதாயிரம் ரூபாய்க் கல் ஒன்றை இணையம் வழியே அமெரிக்காவுக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கார்டில் பணம் வந்தது, கல்லும் போய்ச் சேர்ந்தது. மூன்று மாதம் கழித்து அந்த அறுபதாயிரம் அவர் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது. இதுதான் சார்ஜ்பேக்.

பணம் கட்டும்போது கார்டு எண் கேட்வே (இணையத்தில் கார்டுப் பணம் வாங்கித் தரும் சேவை) வழியாக விற்பவரின் வங்கிக்கும், பிறகு விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க்குக்கும், கடைசியில் கார்டு கொடுத்த வங்கிக்கும் போகிறது. அந்த வங்கி முக்கியமாகப் பார்ப்பது கார்டு செல்லுமா, லிமிட் இருக்கிறதா என்பதைத்தான். எண்ணைத் தட்டியவர் சொந்தக்காரரா என்பது அதில் உறுதியாவதில்லை. சொந்தக்காரர் பில்லைப் பார்த்து, "இதை நான் வாங்கவில்லை" என்றால், பணம் வந்த வழியே திரும்புகிறது. விசா விதிப்படி இதற்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. இந்த உரிமையை நான் குறை சொல்ல மாட்டேன். திருடுபோன கார்டுக்கு அப்பாவி ஒருவர் பணம் கட்டக் கூடாது.

இந்தியக் கார்டுகளுக்கு ஆன்லைனில் கூடுதல் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2009-இல் கட்டாயமாக்கியது. நாம் போடும் ஓடிபி அப்படி வந்ததுதான். 3டி செக்யூர் என்ற இந்தச் சரிபார்ப்பு நடந்திருந்தால், மோசடிப் புகாரின் நஷ்டம் பொதுவாகக் கார்டு கொடுத்த வங்கிக்கு மாறிவிடும். வெளிநாட்டுக் கார்டு பல நேரம் இது இல்லாமலே கடந்துவிடுகிறது. விலை கூடிய பொருளுக்கு இதைக் கட்டாயமாக்க முடியுமா என்று கேட்வேயிடம் கேட்டுவிடுங்கள்.

ஆனால் "பொருள் வரவில்லை", "சொன்ன மாதிரி இல்லை" என்ற புகார்களுக்கு ஓடிபி உதவாது. கல்லுக்கு இரண்டாவதுதான் பெரிய தலைவலி, ஏனென்றால் போட்டோவில் நிறம் மாறித் தெரியும். அக்வாமரினைச் சூடுபடுத்திப் பச்சைச் சாயலைப் போக்கி நீலமாக்குவது வழக்கம். அதைச் சொல்லாமல் விற்றால் புகார் நியாயமாகிவிடும். கேரட் எடை, அளவு, சூடுபடுத்திய விவரம் எல்லாம் உள்ள ஆய்வகச் சான்றிதழும், எடைபோட்டுப் பெட்டியில் வைக்கும் வீடியோவும், கையெழுத்து வாங்கும் கூரியர் ரசீதும் சேர்ந்தால் எதிர்வாதம் நிற்கும். சார்ஜ்பேக்குக்குப் பதில் சொல்லத் தரும் கெடுவுக்குள் பதில் போகாவிட்டால் இவை இருந்தும் பயனில்லை.

வாங்குபவர் பணம் கட்டியபின் முகவரியை மாற்றச் சொன்னாலோ, ஆள் வந்து வாங்கிக்கொள்வார் என்றாலோ மோசடியாக இருக்கலாம்; ஆர்டரை ரத்து செய்வதே நல்லது. அப்போதும் பணம் வந்த கார்டுக்கே திரும்ப வேண்டும். வேறு கணக்குக்கு அனுப்பினால், அப்புறம் சார்ஜ்பேக்கும் வந்து பணம் இரண்டு முறை போகும்.